டயாலிசிஸும் கடன் சுமையும்: மருத்துவரிடம் மறைக்கக் கூடாத கஷ்டம்

சிறுநீரகம் செயலிழந்தவருக்குப் பொதுவாக வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 156 நாள். தினக்கூலிக்காரருக்கு அத்தனை நாளும் வேலை போகும். துணைக்கு வரும் மனைவிக்கும் அன்று கூலி கிடையாது.

இலவசத்துக்குப் பிறகும் செலவு

அரசு மருத்துவமனையில் இயந்திரத்துக்குக் காசு கேட்பதில்லை. ஆனால் ஊரிலிருந்து வந்துபோக வேண்டும். சிகிச்சை முடிந்ததும் சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். பேருந்தில் நின்றுகொண்டு திரும்ப முடியாது, ஆட்டோதான். வெளியில் வாங்கும் மருந்து, பரிசோதனை என்று கைக்காசு கரையும். முதலில் நகை அடகுக்குப் போகும், பிறகு வட்டிக்கடன் வரும்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும்?

கையில் காசில்லாத வாரம், “இந்த முறை ரெண்டு தடவை போதும்” என்று தோன்றும். இதுதான் பெரிய ஆபத்து. வெளியேறாத நீர் நுரையீரலில் தேங்கினால் மூச்சு முட்டும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறி, திடீரென நின்றுபோகவும் கூடும். ரத்தசோகைக்கான எரித்ரோபொய்ட்டின் ஊசியை விட்டுவிட்டால், நாலு படி ஏறுவதற்குள் உடல் சோர்ந்துவிடும்.

சாப்பாட்டிலும் இந்தக் கஷ்டம் தெரியும். டயாலிசிஸில் இருப்பவருக்குப் புரதம் கூடுதலாகத் தேவை. முட்டையின் வெள்ளைக்கரு வாங்க முடியாத வீட்டில் சோறும் ஊறுகாயும்தான். ஊறுகாயின் உப்பு தாகத்தைத் தூண்ட, குடிக்கும் தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும்.

மனம் படும் பாடு

“என்னால்தான் பிள்ளையின் படிப்பு நின்றது” என்ற எண்ணம் பலரை அரிக்கிறது. தூக்கம் கெடும், பசி மறையும், சிகிச்சையே வேண்டாம் என்று தோன்றும். டயாலிசிஸ் நோயாளிகளிடம் மனச்சோர்வு பரவலாகக் காணப்படுகிறது. அதற்கும் சிகிச்சை உண்டு. வீட்டார் கடனைப் பற்றி நோயாளியின் காதுபட விவாதிக்காமல், அவரையும் உட்கார வைத்து நிதானமாகப் பேசுவது நல்லது.

எங்கே உதவி கிடைக்கும்?

• தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸும் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சையும் அடங்கும். குடும்ப அட்டை, வருமானச் சான்றிதழுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தை அணுகலாம்.

• 2016-இல் தொடங்கிய தேசிய டயாலிசிஸ் திட்டத்தின்கீழ், வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மாவட்ட மருத்துவமனைகளில் இலவச டயாலிசிஸ் உண்டு. வீட்டுக்கு அருகிலுள்ள மையத்துக்கு மாற முடியுமா என்று கேளுங்கள்.

• வயிற்றுக்குள் திரவம் செலுத்தி வீட்டிலேயே செய்யும் டயாலிசிஸ் அலைச்சலைக் குறைக்கும். இதற்கான திரவப் பைகளை 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. உங்களுக்குப் பொருந்துமா என்பதை மருத்துவர் சொல்வார்.

• வழி தெரியாதவர்கள் 104 என்ற எண்ணை அழைத்துக் கேட்கலாம்.

காசில்லை என்பதையும் சொல்லுங்கள்

கால் வீக்கத்தைச் சொல்கிறோம், மூச்சு வாங்குவதைச் சொல்கிறோம். காசில்லாமல் ஊசியை விட்டதை மட்டும் வெட்கப்பட்டு மறைக்கிறோம். அது தெரியாத மருத்துவர், மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டக்கூடும். தெரிந்தால், விலை குறைந்த மருந்தையோ அரசுத் திட்டத்தையோ காட்டுவார். அடுத்த முறை டயாலிசிஸுக்கு முன் எடை பார்க்க ஏறும்போது, வீட்டு நிலைமையையும் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள்.