"ஒரே ஒரு குவார்ட்டர்தானே!" - அந்தச் சின்ன பாட்டிலுக்குள் 6 ஸ்மால்

சென்னை,

"நான் ஒண்ணும் பெரிய குடிகாரன் இல்லீங்க. வேலை முடிஞ்சு போறப்ப ஒரே ஒரு குவார்ட்டர். அவ்ளோதான்!"

சென்னையில் இந்தப் பேச்சைக் கேட்காத ஆள் இருக்க முடியாது. டீக்கடையில் கேட்கலாம். மின்சார ரெயிலில் கேட்கலாம். பெண் பார்க்க வந்த இடத்தில், "மாப்பிள்ளைக்குக் கெட்ட பழக்கம் ஏதாவது உண்டா?" என்று கேட்டால், "சேச்சே, எப்பவாவது பிரெண்ட்ஸோட..." என்று இழுப்பார்கள். அந்த இழுப்புக்குள்ளும் இதே குவார்ட்டர்தான் ஒளிந்திருக்கும்.

அந்த "அவ்ளோதான்" எவ்வளவு? கணக்குப் போட்டுப் பார்த்தால் தலை சுற்றுகிறது. குடிக்காமலேயே!

கணக்கு இதுதான்

குவார்ட்டர் பாட்டிலில் இருப்பது 180 மில்லி. பிராந்தி, விஸ்கி, ரம் எதுவானாலும் லேபிளில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அதாவது சுத்தமான சாராய சத்து மட்டும் 77 மில்லி. எடை போட்டால் சுமார் 60 கிராம்.

ஒரு "ஸ்மால்" என்பது 30 மில்லி. அதில் சுமார் 10 கிராம் இருக்கிறது. டாக்டர்கள் இதைத்தான் "ஒரு அளவு" என்று வைத்திருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் ஒரு குவார்ட்டர் என்பது 6 ஸ்மால்!

ஒரே தடவையில் 60 கிராம் அல்லது அதற்கு மேல் குடிப்பதை உலக சுகாதார நிறுவனம் "மிதமிஞ்சிய குடி" என்று கணக்கில் சேர்க்கிறது. நம்ம ஊரில் "சின்ன பாட்டில்" என்று கேட்டு வாங்குவதே அந்தக் கோட்டைத் தொட்டுவிடுகிறது.

இங்கிலாந்து நாட்டு டாக்டர்கள் 2016-ல் ஓர் எல்லை சொன்னார்கள். ஒரு வாரம் முழுவதற்கும் சேர்த்து 112 கிராம். அதையும் 3 நாளோ, அதற்கு மேலோ பிரித்துக் குடிக்க வேண்டும். நம்ம ஊர் குவார்ட்டர் இரண்டு குடித்தாலே அது தாண்டிப்போகிறது.

"எந்த அளவும் உடம்புக்குப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது" என்பதே 2023-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன கருத்து.

"நான் பீர் மட்டும்தான்" என்பவர்களுக்கும் ஒரு செய்தி. 650 மில்லி ஸ்ட்ராங் பீரில் 8 சதவீதம் இருந்தால், அது 4 ஸ்மாலுக்குச் சமம்.

கட்டிங்

கடை வாசலில் ஒருவர் நிற்பார். கையில் பாதிக் காசுதான் இருக்கும். முன்பின் தெரியாத இன்னொருவர் வருவார். "தலைவா, கட்டிங் போட்லாமா?" அவ்வளவுதான். ஆளுக்குப் பாதி காசு, ஆளுக்கு 90 மில்லி. குடித்து முடித்ததும் இவர் யாரோ, அவர் யாரோ!

குவார்ட்டரைப் பங்கு போட ஆள் தேடி இப்படி நிற்பது அரசாங்கம் வரைக்கும் தெரிந்த சங்கதி. 90 மில்லி பாக்கெட் கொண்டுவரலாமா என்ற பேச்சு 2023-ல் எழுந்ததே இதனால்தான். எதிர்ப்பும் கிளம்பியது.

கட்டிங் போட ஆள் கிடைக்காதவர் என்ன செய்கிறார்? முழு பாட்டிலையும் தானே குடிக்கிறார். வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. பெண்டாட்டி பார்ப்பாள், பிள்ளைகள் பார்ப்பார்கள், மாடிவீட்டு ஓனர் பார்ப்பார். மிச்சம் வைத்தால் காசு வீண். பஸ்சுக்கும் நேரம் ஆகிறது.

ஒரு டம்ளர், கொஞ்சம் தண்ணீர், ஊறுகாய். நின்றபடியே மடக் மடக்கென்று உள்ளே போகிறது. மதியம் 1 மணிக்குச் சாப்பிட்ட வயிறு, காலியாக இருக்கிறது. வெறும் வயிற்றில் போனால் ரத்தத்தில் சீக்கிரம் ஏறும். அரை மணி, ஒரு மணிக்குள் உச்சத்துக்குப் போய்விடும். அந்த நேரத்தில்தான் அவர் ரோட்டைக் கடக்கிறார். இல்லாவிட்டால் பைக்கை உதைக்கிறார்!

ஒளிந்து குடித்த காலம்

இந்த அவசரம் நேற்று வந்தது அல்ல. 1937-ல் ராஜாஜி ஆட்சியில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கியது. 1948-ல் ஓமந்தூரார் ஆட்சியில் மாகாணம் முழுவதும் வந்தது. 1971 வரை கடையே கிடையாது. குடித்தவர்கள் மறைந்துதான் குடித்தார்கள். மறைந்து குடிக்கிறவன் மெதுவாகக் குடிக்க மாட்டான்.

1971-ல் கருணாநிதி ஆட்சியில் கடைகள் திறந்தன. 1974-ல் மூடப்பட்டன. 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி திறந்தன. 1983-ல் மொத்த வியாபாரத்துக்காக "டாஸ்மாக்" வந்தது. 2003 நவம்பரில் சில்லரை விற்பனையும் அதன் கைக்கே போனது.

கடைக்கு அரசாங்க போர்டு வந்துவிட்டது. ஆனால், குடிப்பவரின் கூச்சம் மட்டும் போகவில்லை. வெளியே "குடிமகன்" என்று ஜோக் அடிக்கிறோம். சினிமாவில் குடிகாரன் வந்தால் விழுந்து விழுந்து சிரிக்கிறோம். வீட்டில் மட்டும் மூச்சு விடுவதில்லை. வீட்டில் பேசாத விஷயத்துக்கு அளவும் கிடையாது, கணக்கும் கிடையாது.

எல்லாருமா குடிக்கிறாங்க?

"இந்தக் காலத்துல எவன் சார் குடிக்கல?" என்பது அடுத்த வசனம். அதுவும் தப்பு!

2019-21-ல் எடுத்த தேசிய குடும்பநல சர்வேயில், தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் ஏறக்குறைய 4-ல் ஒருவர்தான் குடிப்பதாகச் சொல்லி இருக்கிறார். பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. உண்மையைச் சொல்லக் கூச்சப்பட்டவர்களையும் சேர்த்துக்கொண்டாலும், குடிக்காத ஆண்கள்தான் ஊரில் அதிகம்.

ஆனால், அவர்கள் சத்தம் போடுவதில்லை. சத்தம் போடுவது "ட்ரீட்" கேட்கும் கூட்டம். பையன் பிறந்தால் ட்ரீட். பைக் வாங்கினால் ட்ரீட். போனஸ் வந்தால் ட்ரீட். வேலை போய்விட்டால், ஆறுதல்!

"எனக்கு வேண்டாம்பா" என்றால், "ரொம்ப நல்லவனாயிட்டியா?" என்று கிண்டல். பல பேருக்கு ஆறாவது ஸ்மால் ஆசையால் இறங்குவது அல்ல. இந்தக் கிண்டலுக்குப் பயந்து இறங்குவது.

காலையில் தெளியுமா?

கல்லீரல் ஒரு மணி நேரத்தில் 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். ராத்திரி 10 மணிக்கு ஒரு குவார்ட்டரை முடித்தவருக்கு அது முழுவதும் கரைய விடியற்காலை 4 மணி முதல் காலை 6.30 மணி வரை ஆகிவிடும். ஒரு "ஆஃப்" போட்டவருக்கு மறுநாள் காலை 10 மணி தாண்டியும் மிச்சம் இருக்கும்.

எலுமிச்சம்பழச் சாறு, மோர், காபி, பச்சைத் தண்ணீர்க் குளியல் எதுவும் அதை வேகப்படுத்தாது. கண் திறக்கும். ரத்தத்தில் இருப்பது குறையாது.

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். 2019-ல் செய்த சட்டத் திருத்தத்தில் முதல் தடவைக்கே ரூ.10 ஆயிரம் அபராதம், 6 மாதம் வரை ஜெயில் என்று ஆனது. "நேத்து ராத்திரி குடிச்சது சார்" என்று சொன்னால் ஊதச் சொல்லும் மிஷினுக்குப் புரியாது.

"நல்லாத் தூக்கம் வருது" என்பதும் பாதிதான் நிஜம். படுத்ததும் தூக்கம் வரும். பின்னிரவில் அதுவே தூக்கத்தைக் கெடுக்கும்.

மாலை போட்டால்...

ஒரு வேடிக்கையைக் கவனித்திருப்பீர்கள். அய்யப்பனுக்கு மாலை போட்டதும் பலர் ஒரு மண்டலம் பாட்டிலைத் தொடுவதில்லை. அதே ஆள்தான். அதே கடை வழியாகத்தான் வருகிறார். எப்படி முடிகிறது?

பக்தி ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருக்கிறது. மாலை போட்டவரை எந்த நண்பனும் "வா, ஒண்ணே ஒண்ணு" என்று கூப்பிட மாட்டான். "சாமி" என்று ஒதுங்கிக் கும்பிடுவான். மாலை இல்லாத நாளிலும் "வேண்டாம்" என்றவரை அதே மரியாதையோடு விட்டுவிட்டால், பாதி வேலை முடிந்தது!

திடீரென நிறுத்தலாமா?

இங்கேதான் ஓர் எச்சரிக்கை. தினமும் அதிகமாகக் குடித்து, காலையில் கை நடுங்கும் நிலைக்குப் போனவர்கள் தாங்களாகவே சட்டென்று நிறுத்தக்கூடாது. சத்தியம் செய்தாலும் சரி, கோவிலில் கயிறு கட்டினாலும் சரி, முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

நிறுத்திய சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் வரும். 2 நாளைக்குள் வலிப்பு வரலாம். 2 நாளில் இருந்து 4 நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாதது கண்ணுக்குத் தெரியும். பூச்சி ஊருகிற மாதிரி இருக்கும். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆஸ்பத்திரியில் மாத்திரையும் வைட்டமின் ஊசியும் போட்டு இதைத் தடுத்துவிடலாம்.

2020 கொரோனா ஊரடங்கில் மார்ச் மாதக் கடைசியில் மூடிய கடைகள், சென்னையில் ஆகஸ்டு 18-ந் தேதிதான் திறந்தன. அந்த ஊரடங்கில் தமிழ்நாட்டில் வார்னிஷ், ஷேவிங் லோஷன் குடித்து உயிரை விட்டவர்களும் உண்டு. கடையை மூடினால் கூட்டம் போகும். நோய் தானாகப் போகாது.

ரகசிய மருந்து

"குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்" என்ற விளம்பரத்தைச் சுவரில் பார்த்து ஏமாறும் தாய்மார்கள் பலர்.

குடியை நிறுத்த டாக்டர்கள் கொடுக்கும் மருந்துகளில் "டைசல்ஃபிராம்" என்று ஒன்று உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் இறங்கும். சிலருக்கு உயிரே போகலாம். அதனால்தான் டாக்டர்கள் நோயாளியிடம் சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகே கொடுக்கிறார்கள். பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் குழம்பில் போடுவது விஷப் பரீட்சை!

குறைப்பது எப்படி?

கை நடுக்கம் இல்லாதவர்கள், அளவு மீறுகிறது என்று மட்டும் நினைப்பவர்கள், தாங்களே குறைத்துப் பார்க்கலாம்.

முதலில் எண்ணுங்கள். பாக்கெட் நோட்டில் தினமும் எழுதுங்கள். குவார்ட்டர் என்று எழுதாதீர்கள். "6" என்று எழுதுங்கள். வாரக் கடைசியில் கூட்டினால் உண்மை தெரியும்.

கடைக்குப் போகும் முன் 2 இட்லியாவது சாப்பிடுங்கள். பசியைத்தான் பல பேர் குடிக்கும் ஆசை என்று நினைக்கிறார்கள்.

வழியை மாற்றுங்கள். ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கினாலும் பரவாயில்லை, கடை இல்லாத தெருவில் நடங்கள்.

வாரத்தில் குடிக்காத நாட்களை முன்கூட்டியே முடிவு செய்து, வீட்டிலும் சொல்லுங்கள்.

ட்ரீட் கூட்டத்துக்கு ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். "மாத்திரை சாப்பிடுறேன்ணே" என்றால் பிரச்சினையே இல்லை.

சரக்கு, சைடு டிஷ் எல்லாம் சேர்த்து ஒரு தடவைக்கு ரூ.200 என்று வைத்துக்கொண்டால், வாரம் 5 நாளுக்கு ரூ.1,000. வருஷத்துக்கு ரூ.52 ஆயிரம். பிள்ளையின் ஸ்கூல் பீஸ் எங்கே போகிறது என்று வேறு எங்கும் தேட வேண்டாம்.

கல்லீரலுக்கும் லாபம் உண்டு. முதல் கட்டமாகக் கொழுப்பு படிந்த நிலையில் குடியை நிறுத்தினால், பெரும்பாலும் சில வாரங்களிலேயே சரியாகிவிடும். சுருங்கிப்போன பிறகு நிறுத்தினால் பழைய நிலை திரும்புவது கஷ்டம்.

4 கேள்விகள்

அமெரிக்க டாக்டர் ஜான் யூயிங் என்பவர் 1984-ல் வெளியிட்ட சோதனை ஒன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. மொத்தம் 4 கேள்விதான். சாராம்சம் இது:-

குடியைக் குறைக்க வேண்டும் என்று நினைத்தது உண்டா?

உங்கள் குடியை யாராவது குறை சொன்னால் எரிச்சல் வருகிறதா?

குடித்ததை நினைத்து மனசு உறுத்தியது உண்டா?

காலையில் எழுந்ததும் நடுக்கம் தீர ஒரு வாய் குடித்தது உண்டா?

இரண்டுக்கு "ஆமாம்" என்றாலே டாக்டரிடம் பேசவேண்டிய கட்டம்.

எங்கே போவது?

கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் குடிநோய்க்குச் சிகிச்சை உண்டு. மனநல ஆஸ்பத்திரி என்றதும் மிரள வேண்டாம். குடியும் ஒரு நோய். அதற்கு வைத்தியம் செய்யும் இடம் அது.

அடையாறு இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. இந்த சேவை 1980-ல் தொடங்கியது. தொடங்கியவர் சாந்தி ரங்கநாதன். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர். 1992-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

குடியை விட்டவர்களே கூடிப் பேசும் "ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்" கூட்டங்களும் நகரில் நடக்கின்றன. 1935-ல் அமெரிக்காவில் ஆரம்பித்த அமைப்பு. கட்டணம் கிடையாது. முழுப் பெயரைச் சொல்ல வேண்டாம். "இன்று ஒரு நாள் குடிக்க மாட்டேன்" என்பதுதான் அங்கே கணக்கு.

மத்திய அரசின் இலவச உதவி போன் எண் 14446.

வீட்டுக்காரர் வர மறுக்கிறாரா? மனைவியோ, அம்மாவோ தனியாகப் போய்க் கேட்கலாம். எப்படிப் பேசுவது, எப்போது பேசுவது என்று அவர்களுக்கும் சொல்லித் தருவார்கள். போதையில் இருக்கும்போது சண்டை போடாமல், மறுநாள் காலை தெளிந்த நேரத்தில் அந்த நோட்டுக் கணக்கை எடுத்து வைத்துப் பேச்சை ஆரம்பியுங்கள்.