காற்றுக்கு உருவம் தந்த வலை

மாமல்லபுரம் என்றவுடன் நம் மனக்கண்முன் நிற்பவை கற்சிற்பங்கள். அசையாதிருத்தலே அவற்றின் பெருமை. காற்றில் அசைவதையே பெருமையாகக் கொண்ட வேறொரு சிற்பக்கலையும் அக்கடற்கரையில்தான் தோன்றியது என்பதைப் பலர் அறியார்.

1997-ஆம் ஆண்டில் ஜேனட் எஷெல்மன் என்னும் அமெரிக்க ஓவியர், ஃபுல்பிரைட் உதவி பெற்று இந்தியாவுக்கு வந்து மாமல்லபுரத்தில் தங்கினார். ஓவியக் கண்காட்சி நடத்துவது அவர் எண்ணம். நாள் நெருங்கியும், அனுப்பிய வண்ணங்கள் வந்து சேரவில்லை. வெண்கல வார்ப்பில் முயன்றார். பெரிய உருவங்கள் செய்யப் பளுவும் செலவும் இடந்தரவில்லை. கடற்கரையில் உலாவச் சென்றபோது, மீனவர் வலைகளை மணல்மேல் குவித்துக்கொண்டிருந்தனர். அவர் நாள்தோறும் கண்ட காட்சிதான் அது. பளுவின்றிப் பெரும் உருவம் அமைக்க இதுவே ஏற்ற பொருள் என்பது அன்றுதான் அவருக்குப் புலப்பட்டது. அம்மீனவரோடு சேர்ந்து வலையால் உருவங்கள் செய்தார். கம்பங்களில் உயர்த்திக் கட்டியதும், கண்ணுக்குப் புலனாகாத காற்றின் அசைவெல்லாம் வலையில் தெரிந்தது.

வலையின் இயல்பு விந்தையானது. ஒரு முடிச்சு அசைந்தால் அண்டை முடிச்சுகளும் அசையும். விசை ஓரிடத்தில் தங்காது பரவும். ஆயினும் நகரின் நடுவே ஆண்டுக்கணக்கில் நிற்க இவ்வியல்பு மட்டும் போதாது. வெயிலையும் உப்புக்காற்றையும் தாங்கி, மென்மையும் குன்றாத இழையைத் தேடி அவர் இரண்டு ஆண்டுகள் உழைத்தார். பாய்மரம் வடிவமைக்கும் வானூர்திப் பொறியாளர் ஒருவர் துணைசெய்தார். கைமுடிச்சு புயலைத் தாங்காதாகையால், வலை ஆலையின் பொறிகள் முடிச்சிட்டன. இவ்வாறு 2005-இல், போர்ச்சுகல் நாட்டில் போர்ட்டோ நகருக்கு அருகே கடலோரச் சாலைச் சந்தியில் ஏறத்தாழ 50 மீட்டர் உயரத்தில் ஒரு வலைச்சிற்பம் எழுந்தது. 'அவள் மாறுகிறாள்' என்பது அதன் பெயர்ப்பொருள்.

2015-இல் பாஸ்டன் நகரில், சுற்றியிருந்த கட்டடங்களிலிருந்து 600 அடி நீள வலையொன்று சில திங்கள் தொங்கிற்று. அதில் முடிச்சுகள் ஐந்து இலட்சத்துக்கு மேல். எடைக்கு எடை எஃகினும் பதினைந்து மடங்கு வலிய இழை அதைத் தாங்கியது. அந்நகரில் முற்காலத்தில் வெட்டிச் சமப்படுத்தப்பட்ட மூன்று குன்றுகளின் நினைவாக அவ்வலையில் மூன்று பெருந்துளைகள் அமைந்தன.

இழையும் பொறியும் புதியவை. முடிச்சின் அறிவோ பழையது. அதனை அவருக்குக் காட்டியவர்கள் கலைஞரென்று எவராலும் அழைக்கப்படாதவர்கள். ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு இதில் ஒரு பாடமுண்டு. நாள்தோறும் கண்டதனாலேயே நாம் காணாது விட்டவை பல. அடுத்தமுறை ஊருக்குச் செல்லும்போது, கரையில் அமர்ந்து கிழிந்த வலையைச் சீர்செய்யும் முதியவர் அருகே சற்று நின்று, அவர் விரல்களைப் பாருங்கள்.