கல்லூரி முடிந்தபின் வரும் முதற் கோடை

ஆண்டுதோறும் கோடை பிறக்கும்போது கலைக் கல்லூரிகளிலிருந்து இளைஞர்களும் இளம்பெண்களும் பட்டம் பெற்று வெளிவருகின்றனர். அவர்களுள் துணி வடிவமைப்பைப் பாடமாகக் கற்றவர்களும் உளர். 1850-ஆம் ஆண்டில் மருத்துவர் அலெக்ஸாந்தர் ஹண்டர் சென்னையில் நிறுவிய கலைப் பள்ளி இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குகிறது. ஓவியமும் சிற்பமும் போலவே துணி வடிவமைப்பும் அங்கே கற்பிக்கப்படுகிறது. இத்தகைய கல்லூரிகளில் பயின்று வருவோரின் கையில் வண்ணந் தீட்டிய தாள்கள் ஒரு கட்டு இருக்கும். அவற்றை எங்கே கொண்டு செல்வது என்னும் கேள்வி நெஞ்சில் இருக்கும்.

இக்கேள்வி அவர்களுக்கே உரியது என்று நாம் வாளாவிருத்தல் தகாது. கரையும் முந்தியும் ஆண்டுக்கணக்கில் மாறாத சேலை கிடங்கில் தேங்குகிறது. சரக்குத் தேங்கினால் சங்கம் பாவு கொடுப்பது குறைகிறது. பாவு குறைந்தால் தறி நிற்கிறது. புதிய வடிவம் வேண்டும் என்று நாம் கேட்கிறோம். வடிவம் வரைய வல்லவர்கள் வேலை தேடி அலைகிறார்கள். இவ்விரு தேவைகளும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் எது? பட்டம் பெற்றவரின் முதற் கோடையே அது என்பது நம் கருத்து. ஏனெனில், வரைபவர் தாளுக்காக வரைபவராக நிலைத்துவிடுவாரா, துணிக்காக வரைபவராக வளர்வாரா என்பது பெரும்பாலும் அப்போதுதான் முடிவாகிறது.

தாளும் தறியும்

தாளில் வரைவதற்குத் தடை ஏதுமில்லை. ஒரு முழ அகலத்தில் அன்னத்தை வரையலாம். பன்னிரண்டு வண்ணம் தீட்டலாம். தறி அப்படி இடங்கொடாது. 120 கொக்கிகள் உடைய ஜக்கார்டு பெட்டியில், அங்குலத்துக்கு 60 இழை வீதம் பாவு ஓட்டி, கொக்கிக்கு ஓர் இழை கட்டினால், வடிவம் 2 அங்குலத்துக்குள் முடிந்து மீண்டும் தொடங்கியாக வேண்டும். கொக்கிக்கு இரண்டு இழை கட்டினால் 4 அங்குலம் கிடைக்கும். ஆயின், வளைவான கோடு படிக்கட்டுப்போல் முரடாகிவிடும். ஊடையில் வண்ணம் ஒன்று கூடினால் நாடா ஒன்று கூடும்; நாடா கூடக் கூட நெசவின் வேகம் குறையும்; வேகம் குறைந்தால் நெசவாளியின் அன்றைய வரும்படி குறையும்.

நம் அங்கத்தினர்களுக்கு இக்கணக்கு மனப்பாடம். கல்லூரியை விட்டு வந்தவருக்கோ இது பெரும்பாலும் புதிது. அதனால்தான் அவருடைய முதல் தாளைக் கண்டதும், “இது தறிக்கு ஒத்துவராது” என்று நாம் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். அவரும் ஏமாற்றத்துடன் நகரத்துக்குத் திரும்பி, வேறு தொழிலில் சேர்ந்துவிடுகிறார். இழப்பு இருவருக்கும் நேர்கிறது. இதற்கு வேறு வழி உண்டா என்பதை அறிய, ஐரோப்பாவில் ஓர் இளம்பெண்ணின் வாழ்வில் நடந்ததை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

ஜூரிக்கிலிருந்து பிராட்ஃபோர்டுக்கு

மரியான் ஸ்ட்ரௌப் என்னும் அம்மையார் 1909-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் அம்ரிஸ்வில் என்ற ஊரில் பிறந்தார். தந்தையார் துணி வணிகர். குழந்தைப் பருவத்திலேயே காசநோய் பற்றியதால் அவர் நான்காண்டுகளுக்கு மேல் மருத்துவமனையில் கழிக்க நேர்ந்தது. வளர்ந்தபின் ஜூரிக் நகரின் கலைத்தொழிற் பள்ளியில் சேர்ந்து நெசவு பயின்று, 1931-இல் படிப்பை முடித்தார்.

கலைப் பள்ளியில் படித்த பலர் கைத்தறி ஒன்றை அமைத்துக்கொண்டு, செல்வர் சிலருக்கு நெய்து கொடுத்து அமைதியாக வாழ்ந்தனர். அம்மையாரின் மனம் அதில் நிறைவடையவில்லை. பொதுமக்கள் வாங்கக்கூடிய விலையில் விற்கும் துணிக்குத் தாம் வடிவம் அமைக்க வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். அதற்கு ஆலைத் தறியின் இயல்பு தெரிந்தாக வேண்டும். அந்நாளில் சுவிட்சர்லாந்தின் நெசவுத் தொழில்நுட்பக் கல்லூரிகள் பெண்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. எனவே, 1932-இல் இங்கிலாந்தின் கம்பளித் தொழில் நகரமான பிராட்ஃபோர்டுக்குச் சென்று, அங்குள்ள தொழில்நுட்பக் கல்லூரியில் ஓராண்டு பயின்றார். அங்கே மாணவிகள் மிக அரியர். விசைத்தறியின் அமைப்பும், பாவும் ஊடையும் பின்னும் முறைகளின் கணக்கும் அங்கு அவருக்குக் கைவந்தன.

நூலிடம் கற்ற பாடம்

1933-இல் பிராட்ஃபோர்டுப் படிப்பு முடிந்தது. கலைப் பள்ளிச் சான்றும் தொழில்நுட்பப் படிப்பும் கையிலிருந்தன. பெரிய ஆலை ஒன்றில் உடனே அமர்ந்திருக்கலாம். அவரோ தென் இங்கிலாந்தில் டிச்லிங் என்ற சிற்றூருக்குச் சென்று, எதெல் மெய்ரெ என்னும் முதிய நெசவாசிரியையின் ‘காஸ்பல்ஸ்’ பட்டறையில் சேர்ந்தார். அங்கே கையால் நூற்பதும், தாவரச் சாயங்களில் நூலைத் தோய்ப்பதும் அன்றாடப் பணிகள்.

இவ்விடத்தில் தமிழர்க்கு உரிய செய்தி ஒன்று உண்டு. எதெல் அம்மையார் முதலில் மணந்தவர் ஆனந்த குமாரசுவாமி ஆவார். இலங்கைத் தமிழரான சர் முத்து குமாரசுவாமியின் மைந்தராகக் கொழும்பில் 1877-இல் பிறந்து, கீழ்நாட்டுக் கலைகளின் பெருமையை உலகறியச் செய்த அதே பேரறிஞர்தாம். 1903 முதல் சில ஆண்டுகள் இருவரும் இலங்கையில் ஊர் ஊராகச் சென்று கைத்தொழில்களை ஆராய்ந்தனர். அதன் பயனாக 1908-இல் குமாரசுவாமியின் ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்ற நூல் வெளிவந்தது. அந்நூலுக்கு வேண்டிய ஒளிப்படங்களை எடுக்க எதெல் அம்மையார் துணை நின்றார். சாதாரணக் கைவினைஞரின் கையறிவே கலைக்கு ஊற்று என்பதை அவர் உணர்ந்தது நம் பக்கத்து நாட்டிலேதான். பின்னர், 1916-இல் தாவரச் சாயங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் மேனாட்டு நெசவாளர்க்குக் கைந்நூலாயிற்று.

பிராட்ஃபோர்டில் தறியைக் கற்ற ஸ்ட்ரௌப் அம்மையார், டிச்லிங்கில் நூலைக் கற்றார். எந்த ரோமம் எவ்வளவு முறுக்குத் தாங்கும், எந்த நூல் சாயத்தை எப்படி வாங்கும், ஒரே வண்ணம் முரட்டு நூலில் ஒருவிதமாகவும் மெல்லிய நூலில் வேறுவிதமாகவும் தோன்றுவது ஏன் என்பனவற்றை விரல்கள் அறிந்தன. பிற்காலத்தில் தாளில் வரைந்து தொடங்கும் வழக்கத்தை அவர் மேற்கொள்ளவில்லை. ஆலைக்கு வேண்டிய வடிவத்தையும் முதலில் கைத்தறியில் மாதிரி நெய்தே முடிவு செய்வார்.

நம் சங்கங்களில் பருத்தி விளைவிக்கும் அங்கத்தினர்களும் இதனைக் கருதுதல் நலம். குட்டை இழையுள்ள கருங்கண்ணிப் பருத்தி தடித்த நூலுக்கு ஏற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக்கு வந்த கம்போடியா பருத்தி அதனினும் நீண்ட இழை உடையதாகையால் மெல்லிய நூலுக்கு உதவியது. தடித்த நூலுக்குத் தடித்த நூலின் அழகு உண்டு. அது போர்வையிலும் திரைச்சீலையிலும் விளங்கும். அதைக்கொண்டு மெல்லிய சேலையின் பூவேலையைச் செய்ய முயன்றால் இரண்டும் கெடும். வடிவம் வயலிலேயே தொடங்குகிறது என்பது மிகையன்று.

வேல்ஸ் நாட்டுச் சிற்றாலைகள்

கற்றவற்றைச் சோதிக்கும் காலம் 1934-இல் வந்தது. வேல்ஸ் நாட்டின் ஆற்றங்கரைகளில் சிறு கம்பளி ஆலைகள் பல இருந்தன. அவற்றுட் பல குடும்பத் தொழிலாக நடந்தவை. தென் வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் அணியும் ஃபிளானல் சட்டைத் துணியே அவற்றுக்கு நெடுநாள் ஆதாரம். 1914 முதல் 1918 வரை நடந்த போரில் படைக்குத் துணி வேண்டியிருந்ததால் தொழில் பெருகியது. போர் முடிந்ததும் எஞ்சிய சரக்கு மலிவாகச் சந்தையில் இறங்கி விலையைச் சாய்த்தது. தொடர்ந்து சுரங்கத் தொழிலும் நலிந்தபோது வாங்குவோரும் குறைந்தனர். ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

1921-இல் இங்கிலாந்தில் ஏற்பட்ட கிராமத் தொழிற் பணியகம், இவ்வாலைகளுக்கு உதவ ஸ்ட்ரௌப் அம்மையாரை வடிவமைப்பு ஆலோசகராக அமர்த்தியது. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. 1937 வரை எழுபதுக்கு மேற்பட்ட ஆலைகளுக்கு அவர் துணை புரிந்தார்.

சிற்றாலைக்காரரிடம் புதிய எந்திரம் வாங்கப் பணமில்லை. இருக்கும் தறியிலும் கிடைக்கும் நூலிலுமே புதுமை காண வேண்டியிருந்தது. இரண்டு பாவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஓட்டி, மேலடுக்கும் கீழடுக்கும் இடம் மாறுவதால் வடிவம் தோன்றும் இரட்டைத் துணி நெசவு வேல்ஸ் நாட்டுக்குப் பழையது. படுக்கை விரிப்புக்குப் பயன்பட்டது. அம்மரபை ஒதுக்காமல், நிறத்தையும் நூலின் பருமனையும் காலத்துக்கு ஏற்ப மாற்றி, அறைகலன்களுக்கு உறையாகும் துணிகளையும் அவர் நெய்வித்தார். அறைகலன் செய்வதில் புகழ்பெற்ற கார்டன் ரஸ்ஸல் நிறுவனம் அத்துணிகளை வாங்கித் தன் நாற்காலிகளுக்குப் போர்த்தியது.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அவ்வாலைகளுள் எதுவும் தனித்து நின்று ஒரு வடிவமைப்பாளரை வைத்துக்கொள்ள வல்லதன்று. பொதுப் பணியகம் ஒன்று இடையே நின்றதால், ஒருவரின் கல்வி எழுபது ஆலைகளுக்குப் பயன்பட்டது. ஒருவரால் தாங்க இயலாததைப் பலர் கூடித் தாங்குவதன்றோ கூட்டுறவு!

ஸ்ட்ரௌப் அம்மையார் பின்னர்ப் பெரிய ஆலைகளுக்கு வடிவமைத்தார். 1970-களில் லண்டன் நகரப் பேருந்துகளிலும் நிலத்தடி ரயில்களிலும் அமர்ந்து சென்றவர்கள், பெயரறியாமலே அவருடைய துணியின்மீது அமர்ந்து சென்றனர். பொதுமக்களுக்கான துணி என்ற இளமை நோக்கம் நிறைவேறிற்று. 1994-இல் அவர் காலமானார்.

நாம் செய்யத்தக்கது

நம் நாட்டிலும் இதற்கு வழி வகுக்கப்பட்டது. புபுல் ஜயகர் அம்மையாரின் முயற்சியால் 1956 முதல் நெசவாளர் சேவை நிலையங்கள் தோன்றி, கலைப் பள்ளிகளில் பயின்ற ஓவியர்களைத் தறியருகே கொண்டுவந்தன. சாந்திநிகேதனில் பயின்ற கே. ஜி. சுப்பிரமணியன் போன்ற பெரும் ஓவியரே 1959 முதல் 1961 வரை அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புப் பொறுப்பு வகித்தார். சென்னை, காஞ்சிபுரம், சேலம் ஆகிய இடங்களில் இந்நிலையங்கள் உள்ளன. ஆயினும், நிலையத்தில் பிறந்த வடிவம் நெசவாளியின் வீட்டுத் தறியை அடையவேண்டுமானால் சங்கமும் தன் கடமையைச் செய்ய வேண்டும்.

முதலாவது, கூலி. உருப்படிக்குக் கூலி பெறும் நெசவாளி புதிய வடிவத்துக்கு அஞ்சுவது அறியாமையால் அன்று. பழகிய கரையில் கை தானே ஓடும். புதிய அட்டை அடித்து, கட்டு மாற்றி, முதல் சில முழம் சீராக வரும்வரை நாட்கள் கழிகின்றன. அடுப்பு அதுவரை காத்திராது. மாதிரி நெய்யும் நாட்களுக்கு நாட்கூலி தருவதும், அச்செலவைப் பொதுச் செலவாக எழுதுவதும் சங்கத்தின் கடமை. சோதனையின் நட்டம் ஒரு குடும்பத்தின் தலையில் விழுமானால் எந்தச் சோதனையும் நடவாது.

இரண்டாவது, தறி. கோடை இரண்டு மாதமேனும் ஒரு தறியை மாதிரித் தறியாக ஒதுக்கலாம். தனித்து இயலாத சங்கங்கள் அண்டைச் சங்கங்களோடு சேர்ந்து ஒன்றை வைக்கலாம். பட்டம் பெற்று வரும் இளைஞருக்கு முதல் நாளிலேயே வடிவம் கேட்க வேண்டா. தார் சுற்றவும், பாவுக்குக் கஞ்சியிடும்போது உடன் நிற்கவும், இழை பிணைக்கவும் கற்பிப்போம். பிறகு கிடங்கில் உள்ள நூலைக் காட்டி, இதைக்கொண்டு என்ன செய்யலாம் என்று கேட்போம்.

மூன்றாவது, மதிப்பு. நெசவாளி கைந்நுட்பத்தால் திருத்திய வடிவம் வரைந்தவருடையது மட்டும் ஆகாது. சங்கத்தின் மாதிரிப் பதிவேட்டில் வரைந்தவர் பெயரோடு நெய்தவர் பெயரும் இடம்பெற வேண்டும்.

பட்டம் பெற்று வரும் இளைஞர்களுக்கும் ஒன்று கூறுவோம். உங்கள் தாள்களைப் பத்திரமாக வைத்திருங்கள்; ஆயின், இந்தக் கோடையில் அவற்றைச் சற்றே மூடிவையுங்கள். ஒரு பாவு முடியும்வரை தறிக்குழியின் ஓரத்தில் அமருங்கள். அங்கே கேட்க வெட்கப்படாதவர் பின்னர் வரையத் தயங்க வேண்டியிராது.

அடுத்த கோடை வருமுன் நம் நிர்வாகக் குழுக்கள் கூடி, ஒரு தறி, ஒரு நெசவாளியின் இரண்டு மாத நாட்கூலி, ஓர் இளைஞருக்கு உணவும் உறைவிடமும் என்ற அளவில் செலவைக் கணக்கிட்டுப் பார்க்கட்டும். கிடங்கில் ஓராண்டு தேங்கிய சரக்கின் மதிப்பையும் அதன் பக்கத்தில் எழுதட்டும். எது பெரிய செலவு என்பது அப்போது விளங்கும்.