பழைய செயலிக்கு ஏற்ற கருநிரல் எது?

2003ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இன்டெல் நிறுவனம் பென்டியம்-எம் என்னும் செயலியை வெளியிட்டது. மடிக்கணினிகளுக்கென்றே உருவான செயலி அது. அதைக் கொண்ட பழைய கணிப்பொறி ஒன்று உங்கள் வீட்டு அலமாரியில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் லினக்ஸ் இயக்க அமைப்பை ஏற்றிப் பார்க்கிறீர்கள். கறுத்த திரையில் ஓர் அறிவிப்பு தோன்றுகிறது: கருநிரலுக்குத் தேவையான பி.ஏ.இ. என்ற வசதி இந்தச் செயலியில் இல்லையாம்! அத்துடன் எல்லாம் நின்றுவிடுகிறது. இனிப் பழைய இரும்புக் கடைக்குத்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இல்லை என்று சொல்லப்பட்ட அந்த வசதி உண்மையில் அச்செயலியில் இருக்கிறது.

கெர்னல் எனப்படும் கருநிரல்தான் இயக்க அமைப்பின் உயிர்நாடி. நீங்கள் கடிதம் எழுதும் நிரலுக்கும் பாட்டுக் கேட்கும் நிரலுக்கும் நினைவகத்தில் எவ்வளவு இடம், செயலியின் நேரம் யாருக்கு எப்போது என்பதையெல்லாம் பங்கிட்டுத் தருவது அதுவே. ஆகவே செயலியின் உள்ளமைப்பை அது நுணுக்கமாக அறிந்திருக்க வேண்டும். செயலி மாறினால் கருநிரலும் அதற்கேற்ப அமைய வேண்டும் என்பது இதனால்தான்.

ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸின் முதல் வடிவத்தை எழுதியது 386 செயலி கொண்ட கணிப்பொறியில். பிறந்த வீடான அந்த 386ஐ லினக்ஸ் பின்னாளில் கைவிட்டது. 2013 பிப்ரவரியில் வந்த 3.8ஆம் பதிப்பு முதல் அச்செயலியில் லினக்ஸ் இயங்காது. நன்றி கெட்ட செயல் என்று தோன்றுகிறதா? காரணத்தையும் கேளுங்கள். ஒரே கணக்கேட்டில் இருவர் எழுதுகிறார்கள். இருப்பு 100 என்று நீங்கள் பார்த்துவிட்டு, அதை 90 என்று திருத்தப் போகிறீர்கள். அதற்குள் மற்றவர் அதை 80 ஆக்கிவிட்டால் கணக்கு குழம்பிவிடும் அல்லவா? ‘இன்னும் 100தான் இருக்கிறதா என்று பார், இருந்தால் மட்டும் 90 ஆக்கு’ என்பதை ஒரே ஆணையில் முடிக்கும் திறன் 486இல்தான் வந்தது. 386க்காக அதைச் சுற்றி வளைத்துச் செய்ய வேண்டியிருந்தது. ஒரு பழைய செயலிக்காக எத்தனையோ இடங்களில் தனி ஏற்பாடு செய்வது எழுதுகிறவர்களுக்குப் பெரும் சுமை. அதை இறக்கி வைத்தார்கள்.

பி.ஏ.இ. விஷயம் வேறு. 32 பிட் முகவரியால் 4 கிகாபைட் நினைவகத்தைத்தான் சுட்ட முடியும். 1995இல் வந்த பென்டியம் ப்ரோ, முகவரியை 36 பிட்டுகளாக நீட்டி 64 கிகாபைட் வரை எட்ட வழி செய்தது. அதுவே பி.ஏ.இ. நினைவகத்தின் ஒரு பகுதியை ‘இங்கே உள்ளதை நிரலாக இயக்காதே’ என்று பூட்டும் பாதுகாப்பும் பின்னர் இந்த ஏற்பாட்டின்மேல்தான் கட்டப்பட்டது. எனவே லினக்ஸை வழங்குவோர் பலர் பி.ஏ.இ. உள்ள கருநிரலை மட்டும் தரலாயினர். தொடக்க காலப் பென்டியம்-எம் செயலிகளோ, அவ்வசதியை உள்ளே வைத்துக்கொண்டு, தம் சிறப்புப் பட்டியலில் மட்டும் அதைக் குறிப்பிடாமல் விட்டன. 2014 முதல் லினக்ஸில் இதற்கு மாற்று உண்டு. தொடக்கக் கட்டளை வரியில் ‘ஃபோர்ஸ்பிஏஇ’ என்று ஒரே சொல்லாகச் சேர்த்தால், கருநிரல் பட்டியலைப் பொருட்படுத்தாமல் மேலே செல்லும். செயலியை அதன் விவரக்குறிப்புக்கு வெளியே இயக்குகிறோம் என்று தன்மேல் ஓர் எச்சரிக்கைக் குறியையும் இட்டுக்கொள்ளும்.

ஆகவே, கருநிரலைத் தேடுமுன் செயலியைக் கேளுங்கள். லினக்ஸில் ‘ப்ராக்’ அடைவிலுள்ள ‘சிபியுஇன்ஃபோ’ என்ற கோப்பைத் திறந்தால் அந்தச் சிறப்புப் பட்டியல் தெரியும். அதில் ‘எல்எம்’ என்ற இரண்டெழுத்து இருந்தால் உங்கள் செயலி 64 பிட் செயலி. பிறகு யோசிக்க வேண்டாம், 64 பிட் கருநிரலே போடலாம். பெயரை நம்பி ஏமாறாதீர்கள். 2006ஆம் ஆண்டிலேயே வந்த கோர் டுவோ 32 பிட். கோர் 2 டுவோ 64 பிட்! ‘எல்எம்’ இல்லாதவர்களுக்கு வழி குறுகி வருகிறது. 2023இல் வந்த டெபியன் 12, 32 பிட் கணிப்பொறிகளுக்கு பி.ஏ.இ. உள்ளதும் இல்லாததுமாக இரு கருநிரல்களைத் தந்தது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் இரண்டுமே இல்லை.

பழைய கணிப்பொறிக்குப் பழைய கருநிரல்தானே பொருத்தம் என்பார்கள். பாதி உண்மைதான். 2009இல் வந்த 2.6.32 இலேசானது. ஆனால் அதற்குத் திருத்தம் தருவது 2016இல் நின்றது. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன் என்ற குறை வெளிவந்தது. ஒரு நிரல், கருநிரலின் நினைவகத்தையே களவாகப் படிக்க அது இடம் தந்தது. இன்டெல் செயலிகள் பலவற்றில் இக்குறை உண்டு. 64 பிட்டுக்கு உடனே மருந்து வந்தது. 32 பிட்டுக்கு அதே ஆண்டு அக்டோபரில், 4.19ஆம் பதிப்பில்தான் வந்தது. அந்த மருந்தால் பழைய செயலியின் வேகம் சற்றுக் குறையும். இணையத்தில் உலவும் கணிப்பொறிக்கு அந்த விலையைக் கொடுப்பதே மேல் என்பது என் எண்ணம்.

பதிப்பு எண்ணைப் படிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 6.1.20 என்றால் 6.1 என்பது வரிசை. 20 என்பது அவ்வரிசையின் திருத்த எண். கடைசி எண் மட்டும் கூடினால் பெரும்பாலும் கவலையில்லை. வரிசையே மாறும்போதுதான் கவனம் வேண்டும்.

புதியதை ஏற்றும்போது பழையதை அழித்துவிடாதீர்கள். இரண்டும் வட்டில் அருகருகே இருக்கலாம். கணிப்பொறி தொடங்கும்போது ‘க்ரப்’ என்ற பட்டியல் எது வேண்டும் என்று கேட்கும். புதியது மக்கர் செய்தால் பழையதைத் தேர்ந்து உள்ளே சென்றுவிடலாம். ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். கம்பியில்லா இணைப்பு கிடைக்கிறதா, மூடியைச் சாத்தித் திறந்தால் திரை மீண்டும் ஒளிர்கிறதா என்று சோதியுங்கள். இவை இரண்டும் சரியாக இருந்தால், பழையதை நீக்கி வட்டில் இடம் மீட்டுக்கொள்ளலாம்.