22 சீசன், ஒரே ஒரு பந்து: பேஸ்பால் வீரரின் விக்கிபீடியா பக்கத்தில் எதற்கு எவ்வளவு இடம்?

1986 அக்டோபர் 25. நியூயார்க்கின் ஷே ஸ்டேடியம். அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸில் 6வது ஆட்டம். பாஸ்டன் ரெட் சாக்ஸ் ஜெயித்தால், 1918-க்குப் பிறகு முதல் முறையாகக் கோப்பை அவர்களுக்கு. நியூயார்க் மெட்ஸ் அணியின் மூக்கி வில்சன் அடித்த பந்து தரையில் உருண்டு வருகிறது. ஃபர்ஸ்ட் பேஸில் நிற்கும் பில் பக்னர் குனிகிறார். பந்து அவர் கால்களுக்கு நடுவே புகுந்து பின்னால் போய்விடுகிறது. மெட்ஸுக்கு வெற்றி.

கிரிக்கெட் பாஷையில் சொன்னால் ஒரு மிஸ்ஃபீல்டு. அவ்வளவுதான்.

ஆனால் பக்னர் 1969 முதல் 1990 வரை மேஜர் லீக்கில் ஆடியவர். 22 சீசன்கள், 2,517 ஆட்டங்கள், 2,715 ஹிட்கள். ஹிட் என்றால், பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸைத் தொடுவது. 1980-ல் நேஷனல் லீக்கின் மிகச் சிறந்த பேட்டிங் சராசரி அவருடையது. இவ்வளவு இருந்தும், பக்னர் என்ற பெயரைக் கேட்டதும் பலருக்கு ஞாபகம் வருவது அந்த ஒரு பந்துதான்.

இவருடைய வாழ்க்கைக் குறிப்பை விக்கிபீடியாவில் எழுதும் வேலை உங்களிடம் வந்தால், அந்தச் சில நொடிகளுக்கு எத்தனை வரி கொடுப்பீர்கள்?

சின்னக் கேள்வி மாதிரி தெரியும். ஆனால் ஒருவரின் பெயரைத் தேடினால் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் விக்கிபீடியா பக்கம்தான். கூகுள் காட்டும் சிறு பெட்டியும், ஏஐ சாட்பாட் சொல்லும் பதிலும்கூட அதிலிருந்து நிறைய எடுத்துக்கொள்கின்றன. அங்கே எது பெரிதாக இருக்கிறதோ, அதுதான் அந்த மனிதரின் கதை என்று ஆகிவிடுகிறது.

பக்கம் எப்படி ஊதிப்போகிறது?

ஐபிஎல் லீக் சுற்றில் ஓர் அணிக்கு 14 ஆட்டங்கள். மேஜர் லீக் பேஸ்பாலில் ஒரு சீசனுக்கு 162. ஏறக்குறைய தினமும் மேட்ச் நடக்கிறது, தினமும் செய்தி வருகிறது. விக்கிபீடியாவை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதால், ரசிகர்கள் அன்றன்றைக்கு நடந்ததை அன்றே சேர்த்துவிடுகிறார்கள். தொடைத் தசைப் பிடிப்பால் காயப் பட்டியலில் சேர்க்கப்பட்டார், 15 நாள் கழித்துத் திரும்பினார், மறுநாள் இரண்டு ஹோம் ரன் அடித்தார் என்று வரி வரியாக ஏறிக்கொண்டே போகும்.

இதில் எந்த வரியும் பொய் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஆதார லிங்க்கும் இருக்கும். பத்து வருடம் கழித்து அந்தத் தசைப் பிடிப்பை யார் தேடப்போகிறார்கள் என்பதுதான் கேள்வி.

இன்னொரு கோணலும் உண்டு. சமீபத்திய செய்தி ஆன்லைனில் சுலபமாகக் கிடைக்கும். 1950-களில் ஆடியவரைப் பற்றி எழுத, பழைய நாளிதழ்களைத் தோண்ட வேண்டும். அதனால் நேற்று ஆடியவருக்கு மூன்று பத்தி, 60 வருடத்துக்கு முன் சாதித்தவருக்கு மூன்று வரி. சமீபத்தியதற்கு மட்டும் கூடுதல் இடம் தரும் இந்தப் பழக்கத்தை விக்கிபீடியா எழுத்தாளர்கள் ‘ரீசென்டிசம்’ என்று சொல்லி எச்சரிக்கிறார்கள்.

நீளத்துக்கும் ஒரு வழிகாட்டுதல் இருக்கிறது. கட்டுரை 9,000 சொற்களைத் தாண்டினால், அதைப் பிரிக்கவோ குறைக்கவோ யோசிக்கலாம். 15,000-ஐத் தாண்டினால் கிட்டத்தட்ட கட்டாயம். எண்களைப் பற்றிக் கவலை இல்லை. ஒவ்வொரு ஆட்டத்தின் கணக்கும் பேஸ்பால் ரெஃபரன்ஸ் போன்ற தளங்களில் இருக்கிறது. வாழ்க்கைக் குறிப்பு அதையெல்லாம் சுமக்க வேண்டியதில்லை.

அப்போ சுருக்கிவிட்டால் போதுமா?

போதாது. பக்னர் விஷயமே அதற்கு உதாரணம்.

‘அவர் செய்த தவறால் பாஸ்டன் கோப்பையை இழந்தது’ என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். சுருக்கமான வரிதான், ஆனால் நியாயமான வரி இல்லை.

நடந்தது இதுதான். தொடரில் பாஸ்டன் 3-2 என முன்னிலை. 6வது ஆட்டத்தின் 10வது இன்னிங்ஸில் 5-3 என்றும் முன்னிலை. மெட்ஸின் இரண்டு பேர் அவுட், பேஸில் யாரும் இல்லை. இன்னும் ஒரு விக்கெட் விழுந்தால் கோப்பை என்ற நிலைமை. அங்கிருந்து மெட்ஸ் அடுத்தடுத்து மூன்று ஹிட் எடுத்தது. பாஸ்டனின் பாப் ஸ்டான்லி தாறுமாறாக வீசிய ஒரு பந்தில் ஸ்கோர் 5-5 என சமமானது. அதற்குப் பிறகுதான் பக்னரின் பந்து வருகிறது. அதை அவர் பிடித்திருந்தாலும் பாஸ்டன் ஜெயித்திருக்காது. ஆட்டம் அடுத்த இன்னிங்ஸுக்குப் போயிருக்கும்.

இன்னும் இரண்டு விஷயம். பக்னருக்கு அப்போது கணுக்கால் ரொம்ப மோசம். முன்னிலையில் இருக்கும்போது கடைசிக் கட்டத்தில் அவருக்குப் பதிலாக டேவ் ஸ்டேபிள்டனை இறக்குவது வழக்கம். அன்றைக்கு மேனேஜர் ஜான் மெக்நமாரா அதைச் செய்யவில்லை. அடுத்து, 7வது ஆட்டம் என்று ஒன்று பாக்கி இருந்தது. அதில் பாஸ்டன் 3-0 என முன்னிலை எடுத்து, பிறகு 8-5 என்று தோற்றது.

இதைத் தெரிந்துகொண்டால் படமே மாறுகிறது. ஆக, இங்கே கூடுதல் விவரம்தான் நியாயம் செய்கிறது. அந்தப் பந்தைப் பக்கத்திலிருந்து மறைக்கவும் முடியாது. அதனால் அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. 1993-ல் குடும்பத்தோடு ஐடஹோ மாநிலத்துக்குப் போய்விட்டார். இவையும் அவர் வாழ்க்கையின் பகுதிதான். ஆனால் அந்த இன்னிங்ஸின் பந்துக்குப் பந்து வர்ணனை 1986 வேர்ல்டு சீரிஸ் பற்றிய தனிப் பக்கத்தில் இருக்கலாம். பக்னரின் பக்கத்தில் 2,715 ஹிட்களுக்கும் இடம் வேண்டுமே.

ஒரே ஆட்டம் ஆடியவருக்கும் பக்கமா?

இப்போது எதிர்ப்பக்கம் பார்ப்போம். ஆர்ச்சிபால்ட் ‘மூன்லைட்’ கிரஹாம், 1905 ஜூன் 29 அன்று நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்காக ஒரே ஓர் ஆட்டம் ஆடினார். பேட் செய்யும் வாய்ப்பே வரவில்லை. மேஜர் லீக்கில் அவர் கணக்கு அத்தோடு சரி.

வெறும் ஆட்டக் கணக்கை வைத்து எழுதினால் ஒரு வரியில் முடிந்துவிடும். ஆனால் கிரஹாம் டாக்டர். மினசோட்டாவின் சிஸம் என்ற சிறு சுரங்க ஊரில், பள்ளிக் குழந்தைகளுக்குப் பல பத்தாண்டுகள் மருத்துவம் பார்த்தார். குழந்தைகளின் ரத்த அழுத்தம் பற்றி ஆய்வும் வெளியிட்டார். 1965-ல் இறந்தார். பேஸ்பால் என்சைக்ளோபீடியாவில் இருந்த அவருடைய ஒற்றை வரி, எழுத்தாளர் டபிள்யூ.பி. கின்செல்லாவின் கண்ணில் பட்டு நாவலுக்குள் போனது. அது 1989-ல் ‘ஃபீல்டு ஆஃப் ட்ரீம்ஸ்’ என்ற படமானது. படத்தில் அந்த ஆட்டம் 1922-ல் நடப்பதாக மாற்றிவிட்டார்கள். படம் பார்த்துவிட்டுத் தேடுகிறவருக்கு, அது நடந்தது 1905-ல் என்று சொல்வதே ஒரு நல்ல பக்கத்தின் வேலை.

முன்பு விக்கிபீடியாவில், மேஜர் லீக்கில் ஓர் ஆட்டம் ஆடியிருந்தாலே ஒருவர் தனிப் பக்கத்துக்குத் தகுதியானவர் என்று எடுத்துக்கொள்வார்கள். 2022-ல் விளையாட்டு வீரர்கள் அனைவருக்குமே அந்த அளவுகோல் கைவிடப்பட்டது. எத்தனை ஆட்டம் என்பது இப்போது கணக்கில்லை. அவரைப் பற்றி நம்பகமான, சுயாதீனமான இடங்களில் விரிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நம் நாட்டு உதாரணமும் இருக்கிறது. ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும். இந்த ரிங்கு, கொல்கத்தா அணிக்கு சிக்ஸர் அடிக்கும் ரிங்கு இல்லை. உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர். ஒரு டிவி போட்டி மூலம் தேர்வாகி, 2008-ல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் நிறுவனத்துடன் இருவரும் ஒப்பந்தம் போட்டார்கள். அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் அப்படிக் கையெழுத்திட்ட முதல் இந்தியர்கள் இவர்கள்தான். ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்த ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ இவர்கள் கதைதான். இருவருமே மேஜர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அதனால் அவர்கள் கதை இல்லை என்று ஆகிவிடுமா? ரிங்கு பிறகு டபிள்யூடபிள்யூஇ-க்குப் போய் ‘வீர் மகான்’ ஆனார். அவர் பக்கத்தில் பேஸ்பாலுக்கு எவ்வளவு, மல்யுத்தத்துக்கு எவ்வளவு என்பது இன்னொரு கணக்கு.

உயிரோடு இருப்பவர் என்றால்?

இங்கேதான் ரொம்பக் கவனம் தேவை. 2005-ல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சீகன்தாலரின் விக்கிபீடியா பக்கத்தில், கென்னடி கொலைகளில் அவருக்குத் தொடர்பு இருக்கலாம் என்று யாரோ விளையாட்டாக எழுதிவிட்டார்கள். நாலு மாதம் போல அது அப்படியே கிடந்தது. அந்தச் சர்ச்சைக்குப் பிறகுதான் உயிரோடு இருப்பவர்களின் பக்கங்களுக்குத் தனிக் கொள்கை வந்தது. ஆதாரமில்லாத சர்ச்சைத் தகவலை, விவாதத்துக்குக் காத்திருக்காமல் உடனே நீக்க வேண்டும். வீட்டு முகவரி, போன் நம்பர் கூடாது. பிரபலமில்லாத குடும்பத்தினரின் பெயரைச் சேர்க்கும் முன் யோசிக்க வேண்டும்.

ஷோஹெய் ஓட்டானியை எடுத்துக்கொள்வோம். லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸுடன் 10 வருடத்துக்கு 70 கோடி டாலர் ஒப்பந்தம். 2024-ல் 54 ஹோம் ரன், 59 ஸ்டோலன் பேஸ். அந்த இரண்டிலும் 50-ஐ ஒரே சீசனில் தொட்ட முதல் வீரர். அதே ஆண்டில்தான் அவருடைய மொழிபெயர்ப்பாளர் இப்பே மிசுஹாரா, சூதாட்டக் கடனை அடைக்க அவர் கணக்கிலிருந்து சுமார் 1.7 கோடி டாலர் திருடியது வெளியே வந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்ட மிசுஹாராவுக்கு 2025-ல் 57 மாதச் சிறை. ஓட்டானி இதில் பாதிக்கப்பட்டவர் என்றது அரசுத் தரப்பு.

இது ஓட்டானியின் பக்கத்தில் இருக்க வேண்டுமா? கட்டாயம். ஆனால் வழக்கின் ஒவ்வொரு திருப்பமும் அவர் பக்கத்தில் ஏறினால், படிப்பவர் மனதில் சூதாட்டம் என்ற வார்த்தை ஓட்டானி பெயரோடு ஒட்டிக்கொள்ளும். அவர் பக்கத்துக்கு ஒரு பத்தி போதும். அதிலும் முடிவு என்ன என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

அதே 2024 பிப்ரவரியில், தனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று இன்ஸ்டாகிராமில் சொன்ன ஓட்டானி, மனைவியின் பெயரைச் சொல்லவில்லை. சில வாரங்களில் அவரே படத்தோடு வெளிப்படுத்தினார். இடைப்பட்ட நாள்களில் ஊகத்தில் ஒரு பெயரை எழுதியிருந்தால் என்ன ஆகும்? சம்பந்தமே இல்லாத ஒரு பெண்ணின் வாழ்க்கை தலைகீழாகியிருக்கலாம்.

ஒரு விவரத்தைச் சேர்க்கும் முன் கேட்க வேண்டியவை

• பத்து வருடம் கழித்தும் இது யாருக்காவது வேண்டுமா?

• இதை எடுத்துவிட்டால் இவர் வாழ்க்கைக் கதையில் ஏதாவது புரியாமல் போகுமா?

• அன்றைய மேட்ச் ரிப்போர்ட்டைத் தாண்டி, நம்பகமானவர்கள் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்களா?

• இதற்கு வேறு பக்கம் பொருத்தமா? தொடரின் பக்கம், அணியின் பக்கம், புள்ளிவிவரத் தளம்?

• தவறாகவோ பாதியாகவோ சொன்னால் யாருக்கு அடி விழும்?

பக்னர் கதைக்கு இன்னும் ஒரு காட்சி உண்டு. 2004-லும் 2007-லும் பாஸ்டன் கோப்பை வென்றுவிட்டது. 2008 ஏப்ரல் 8 அன்று, சீசனின் முதல் உள்ளூர் ஆட்டத்தில் சம்பிரதாயமான முதல் பந்தை வீச பக்னரை அழைத்தார்கள். ஃபென்வே பார்க் மொத்தமும் எழுந்து நின்று கைதட்டியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

2019 மே 27 அன்று, 69 வயதில் பக்னர் இறந்தார். பல ஊடகங்களின் இரங்கல் செய்தியில் தலைப்பிலேயே வந்தது 1986-ன் அந்தப் பந்துதான். 2,715 ஹிட்கள் சில பத்திகளுக்குக் கீழே இருந்தன.