குட்டை உரோம முயல்களை எத்தனை நாட்களுக்கு ஒரு முறை சீவ வேண்டும்?

பள்ளிகளிலும் இல்லங்களிலும் முயல் வளர்ப்போர் கேட்கும் வினாக்களுள் மிக எளியதாகத் தோன்றுவது ஒன்றுண்டு. முயலின் உரோமத்தை எத்தனை நாட்களுக்கு ஒரு முறை சீவிவிட வேண்டும் என்பதே அது. உரோமம் குட்டையாக இருப்பதால் சீவவே வேண்டியதில்லை என்பர் சிலர். நாய்க்குட்டியைப் போலக் குளிப்பாட்டி நாள்தோறும் சீவ வேண்டும் என்பர் வேறு சிலர். இரண்டும் தவறு. சாதாரண நாட்களில் வாரத்துக்கு ஒரு முறை சீவினால் போதும். உரோமம் உதிரும் காலத்தில் நாள்தோறுமோ ஒரு நாள் விட்டு ஒரு நாளோ சீவ வேண்டும். குளிப்பாட்டுதல் அறவே கூடாது.

விடை இவ்வளவே. ஆயினும், அதற்குரிய காரணங்களை அறிந்தவரே அதைத் தவறாது கைக்கொள்வர். ஐந்து அல்லது பத்து நிமிடமே பிடிக்கும் இவ்வேலை அழகுக்காக மட்டும் செய்யப்படுவதன்று. முயல் தன் நோயை எளிதில் வெளிக்காட்டாத பிராணி. அதன் உடல் முழுவதையும் தொட்டுப் பார்ப்பதற்கு வாரந்தோறும் கிடைக்கும் வாய்ப்பு இதுவே.

உரோமத்தின் அமைப்பு

வீட்டு முயல்கள் அனைத்தும் ஐரோப்பிய முயலின் வழி வந்தவை. இந்தியப் புதர்க்காடுகளில் வாழும் காட்டு முயல் வேறு பேரினத்தைச் சேர்ந்தது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்புக்கு உட்பட்டது. அதைப் பிடித்து வளர்த்தல் ஆகாது. இங்குக் கூறப்படுவன யாவும் வீட்டு முயலைப் பற்றியனவே.

நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா, கலிபோர்னியன், ஒயிட் ஜயன்ட், டச்சு முதலியன குட்டை உரோம இனங்களாகும். 1962-இல் ராஜஸ்தானத்தின் அவிகாநகரில் நிறுவப்பட்ட மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூரில் இயங்குகிறது. அங்கு ஒயிட் ஜயன்ட், சோவியத் சின்சில்லா ஆகிய இனங்கள் பேணப்பட்டு வருகின்றன.

இவ்வினங்களின் உரோமம் இரண்டு அடுக்குகளால் ஆனது. தோலை ஒட்டி நெருக்கமாக வளர்வது மென்மையான உள்ளுரோமம். அதற்கு மேலே நீண்டு, சற்று விறைப்பாக நிற்பது காப்புரோமம். காப்புரோமம் உள்ளடுக்கு நனையாதவாறும் சிக்காதவாறும் காக்கிறது. எனவே, குட்டை உரோம முயல் தன் உரோமத்தின் பெரும்பகுதியைத் தானே நக்கியும் கோதியும் ஒழுங்காக வைத்துக்கொள்ள இயலும். அங்கோரா முயலின் நிலை வேறு. அதன் உரோமம் இடையறாது நீண்டு வளர்வதால் கைவிடப்பட்டால் சடையாகி விடும். ஆண்டுக்கு நான்கு அல்லது ஐந்து முறை கத்தரிக்கவும் வேண்டியிருக்கிறது. அங்கோராவுக்குச் சொல்லப்பட்ட முறையைக் குட்டை உரோம முயலுக்கும் கைக்கொண்டு அடிக்கடி அழுத்திச் சீவினால் அதன் மெல்லிய தோல் புண்படும்.

ரெக்ஸ் என்னும் இனத்தைத் தனியே குறிப்பிட வேண்டும். 1919-இல் பிரான்சு நாட்டில் கண்டறியப்பட்ட இவ்வினத்தின் காப்புரோமம் உள்ளுரோமத்தின் உயரமே உள்ளது. ஆகையால் பட்டுப்போல் தோன்றும். இதற்குப் பிரஷ் மிகுதியாகத் தேவையில்லை. ஈரக்கையால் மெல்லத் தடவி, உதிர்ந்தவற்றை எடுத்துவிட்டாலே போதும்.

உரோமம் உதிரும் காலம்

முயலின் பழைய உரோமம் உதிர்ந்து புதியது முளைப்பது இயற்கை. பகற்பொழுதின் நீளமும் வெப்பநிலையும் மாறும்போது இது நிகழ்கிறது. குளிர்நாடுகளில் ஆண்டுக்கு இரு முறை, வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும், பெருமளவில் உதிரும். இடையிடையே சிறிதளவு உதிர்வதும் உண்டு. வீட்டினுள் விளக்கு வெளிச்சத்தில் வளரும் முயல்களிடம் இந்த ஒழுங்கு குலைந்துவிடலாம். ஆகவே, நாட்காட்டியைப் பார்த்து உதிர்காலத்தைத் தீர்மானிப்பதைவிட, முயலைப் பார்த்துத் தீர்மானிப்பதே மேல்.

அதற்கு எளிய உபாயம் ஒன்றுண்டு. கழுத்திலிருந்து வாலை நோக்கி உள்ளங்கையால் ஒரு முறை தடவ வேண்டும். இரண்டொரு இழைகளே கையில் ஒட்டினால் வாரத்துக்கு ஒரு முறை என்னும் விதி தொடரலாம். கொத்துக் கொத்தாக வருமானால் உதிர்காலம் தொடங்கிவிட்டது. அன்று முதல், கையில் உரோமம் ஒட்டுவது குறையும் வரை நாள்தோறும் சீவ வேண்டும்.

உதிர்காலத்தில் நிற முயல்களின் தோலில் ஆங்காங்கே கருந்திட்டுகள் தென்படுவதைக் கண்டு சிலர் அஞ்சுவதுண்டு. புதிய உரோமம் முளைக்கும் இடத்தில் நிறப்பொருள் மிகுவதால் தோல் கருக்கிறது, அது நோயன்று. தோல் சிவந்தோ, செதிலுதிர்ந்தோ, பொருக்குத் தட்டியோ இருப்பின் அதுவே நோயின் அறிகுறியாகும்.

பெண் முயல் தன் மார்பிலும் வயிற்றிலும் உள்ள உரோமத்தை வாயால் பிடுங்கி ஓரிடத்தில் சேர்ப்பதும் உதிர்தல் அன்று. அது குட்டிகளுக்குப் படுக்கை அமைக்கும் செயலாகும். முயலின் சினைக்காலம் ஏறத்தாழ 31 நாட்கள். ஈனும் தறுவாயில் இவ்வாறு செய்யும். சினையுறாமலே, பொய்ச்சினையால் இவ்வாறு செய்வதும் உண்டு. அப்போது அந்த உரோமத்தை அப்புறப்படுத்தாமல் முயலை அமைதியாக விட்டுவிடுவதே முறை.

வயிற்றினுள் செல்லும் உரோமம்

பூனையைப் போலவே முயலும் தன் உடலை நக்கும்போது உதிர்ந்த உரோமத்தை விழுங்குகிறது. பூனை அதை வாந்தியாக வெளியேற்றிவிடும். முயலால் வாந்தி எடுக்க இயலாது. விழுங்கியது முழுவதும் குடல் வழியாகவே வெளியேற வேண்டும். சீவுதலின் முதற்பயன் இங்குத்தான் விளங்குகிறது. பிரஷில் ஒட்டிய ஒவ்வொரு கொத்தும் வயிற்றுக்குச் செல்லாமல் தடுக்கப்பட்ட ஒன்றாகும்.

ஆயினும் இதில் ஒரு பழைய அபிப்பிராயம் திருத்தம் பெற்றுள்ளதைப் பணியாளர்கள் அறிதல் வேண்டும். வயிற்றில் உரோம உருண்டை சேர்வதே முயல் உணவை வெறுப்பதற்குக் காரணம் என முன்னர்க் கருதப்பட்டது. நலமான முயலின் இரைப்பையிலும் எப்போதும் ஓரளவு உரோமம் இருக்கும் என்பதும், குடலின் அசைவு ஒழுங்காக உள்ளவரை அது எச்சத்தோடு வெளியேறிவிடும் என்பதும் பின்னர்த் தெளிவாயின. நார்ச்சத்துக் குறைந்த உணவு, நீர்க்குறைவு, அச்சம், பல்வலி முதலியவற்றால் குடலசைவு தளரும்போதுதான் உரோமமும் உணவும் இறுகிப் பெரும்பாலும் உருண்டையாகின்றன. அதாவது, உருண்டை பல வேளைகளில் நோயின் காரணமன்று, விளைவு. சிற்சில வேளைகளில் இறுகிய சிறு உரோமக்கட்டி சிறுகுடலை அடைத்துத் திடீர் ஆபத்தை விளைப்பதும் உண்டு.

இதனால் பெறப்படுவது யாதெனில், புல்லின் இடத்தைப் பிரஷ் நிரப்பாது என்பதே. வளர்ந்த முயலின் உணவில் பெரும்பகுதி புல்லாகவோ உலர்புல்லாகவோ இருத்தல் வேண்டும். அறுகு, கினியாப்புல் போன்றவை எப்போதும் கூண்டில் கிடைக்க வேண்டும். தூய நீரும் குறையாது இருக்க வேண்டும். அடர்தீவனத்தையும் தானியத்தையும் மட்டும் தின்னும் முயலை எத்தனை முறை சீவினாலும் பயன் சிறிதே.

எச்ச உருண்டைகள் சிறுத்துப்போதல், உரோமத்தால் கோத்த மாலைபோல் தொடர்ந்து விழுதல் ஆகியன எச்சரிக்கைக் குறிகள். முயல் பன்னிரண்டு மணி நேரம் எதையும் தின்னாமலும் எச்சமிடாமலும் இருப்பின் அதை அவசர நிலையாகக் கொண்டு கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால் முயல் இறந்துபோக நேரலாம்.

சீவும் முறை

மென்மையான பிரஷ் ஒன்றும், முனை மழுங்கிய சீப்பு ஒன்றும் போதும். ரப்பர் முனைகள் பதித்த கையுறையும் நல்லது. கூரிய கம்பிப்பற்கள் உள்ள பிரஷை விலக்க வேண்டும். முயலை மேசையின் விளிம்பில் வைக்கலாகாது. தரையில் சாக்கோ துண்டோ விரித்து, அதன்மேல் அமர்த்துவதே பத்திரமானது.

காதைப் பிடித்துத் தூக்குவது கொடிய வழக்கம். ஒரு கையை மார்பின் கீழும் மற்றொரு கையைப் பின்னங்கால்களின் கீழும் கொடுத்தே எடுக்க வேண்டும். முயலின் எலும்புகள் மெல்லியவை. பின்னங்கால் தசைகளோ மிக வலியவை. பின்பகுதி தாங்கப்படாத நிலையில் அது உதைத்தால் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளக்கூடும். மல்லாத்திப் போட்டால் முயல் அசையாமல் கிடப்பது இன்பத்தால் அன்று. அச்சத்தால் உடல் உறைந்துபோவதே அதற்குக் காரணம். எனவே, மல்லாத்திச் சீவுதல் கூடாது.

உரோமம் படிந்துள்ள திசையிலேயே, தலையிலிருந்து வால் நோக்கி, குறுகிய தடவல்களாகச் சீவ வேண்டும். சிக்கு இருப்பின் இழுக்காமல் விரலால் பிரித்துவிட வேண்டும். முயலின் பாதங்களில் நாய்க்கு உள்ளதுபோல் தோலுறை இல்லை. அடர்ந்த உரோமமே மெத்தையாக உள்ளது. அதைக் கத்தரித்தல் ஆகாது.

குளிப்பாட்டக்கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. நனைந்த உள்ளுரோமம் உலர நெடுநேரம் ஆகும். அதற்குள் உடல் குளிர்ந்து, அச்சமும் சேர்ந்து, முயல் அதிர்ச்சியுறும். அழுக்குப் பட்ட இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்த வேண்டும்.

கை அறியும் செய்திகள்

வாரந்தோறும் சீவும்போது கீழ்க்கண்டவற்றை ஒரே வரிசையில் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளல் நன்று.

காது: உட்புறம் தடித்த பொருக்குகள் இருப்பின் அது காதுச்சொறியாகும். பொருக்கைப் பிய்த்தெடுத்தல் மிகுந்த வலியைத் தரும். மருந்தால் அது தானே உதிரும்.

வாய், கண்: முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்வன. மோவாய் நனைந்திருப்பதும் கண்ணில் நீர் வடிவதும் பற்கோளாற்றைக் காட்டலாம். பல்வலியுள்ள முயல் தன்னைக் கோதிக்கொள்வதை நிறுத்திவிடும். உரோமம் பொலிவிழப்பதே அதன் முதற்குறி ஆவதுண்டு.

முதுகு: வெண்செதில்கள் பொடுகுபோல் உதிர்ந்தால் நுண்ணுண்ணிகள் இருக்கலாம். நாய்க்குரிய உண்ணி மருந்தைத் தன்னிச்சையாக இடுதல் பேராபத்து. ஃபிப்ரோனில் கலந்த மருந்து முயலைக் கொல்லக்கூடும்.

பாதம்: குதிகாலில் உரோமம் தேய்ந்து தோல் சிவந்திருந்தால், கம்பித்தரையின் ஒரு பகுதியிலேனும் பலகையோ வைக்கோலோ இட வேண்டும். ரெக்ஸ் இனத்துக்கு இக்கோளாறு எளிதில் வரும். முன்கால்களில் ஐந்தைந்தும் பின்கால்களில் நான்கு நான்குமாக உள்ள 18 நகங்களையும் பார்த்து, நீண்டிருப்பின் இரத்தக்குழாயைத் தவிர்த்து நுனியை மட்டும் வெட்ட வேண்டும்.

பின்புறம்: இதை மட்டும் வாரத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதாது. வெயிற்காலத்திலும் மழைக்காலத்திலும் நாள்தோறும் பார்க்க வேண்டும். எச்சமும் சிறுநீரும் ஒட்டிய உரோமத்தில் ஈக்கள் முட்டையிடும். ஒரு நாளைக்குள் புழுக்கள் வெளிப்பட்டுத் தசையைத் துளைக்கத் தொடங்கிவிடும். பருத்த முயலும், மூட்டுவலியுற்ற முதிய முயலும் பின்புறத்தைத் தாமே துடைத்துக்கொள்ள இயலாதவை. அவற்றிடம் கூடுதல் கவனம் தேவை.

பள்ளிகளுக்குச் சில சொற்கள்

பள்ளியில் முயல் வளர்க்கப்படுமாயின் சீவுதலை மாணவர்க்குரிய முறைப்பணியாக அமைக்கலாம். ஆசிரியர் உடனிருக்க, ஒரு வேளைக்கு இருவர் போதும். கூட்டமும் கூச்சலும் முயலை அஞ்சச் செய்யும். வட்டமாக உரோமம் கொட்டிச் செதிலுற்ற இடம் காணப்பட்டால் மாணவர் தொடுவதை உடனே நிறுத்த வேண்டும். அது படர்தாமரையாக இருக்கலாம். முயலிடமிருந்து குழந்தைக்கும் தொற்றும். எவ்வாறாயினும் சீவி முடிந்ததும் சோப்பிட்டுக் கைகழுவுதல் விதியாக இருக்கட்டும்.

ஒரு குறிப்பேட்டில் நாள், முயலின் எடை, உதிர்ந்த உரோமத்தின் அளவு, உணவு, எச்சம், கண்ட மாற்றங்கள் ஆகியவற்றை மாணவரே எழுதிவரலாம். சில மாதங்களில் அக்குறிப்பேடு அந்தப் பள்ளி முயலின் உதிர்காலம் எப்போது வருகிறது என்பதைக் காட்டிவிடும். எடை இரண்டு வாரம் தொடர்ந்து குறைந்தால், முயல் வெளிப்பார்வைக்கு நலமாகத் தோன்றினும், மருத்துவரை நாட வேண்டும் என்பதையும் அது உணர்த்தும். உற்றுநோக்கல், அளவிடல், பதிவுசெய்தல் என்னும் விஞ்ஞானப் பயிற்சிக்கு இதைவிட எளிய பாடம் அரிது.

விடுமுறை நாட்களில் இப்பணி யாருடையது என்பதை முன்கூட்டியே முடிவு செய்தல் அவசியம். பள்ளி மூடப்பட்டிருக்கும் வாரத்திலும் உரோமம் உதிரும், ஈக்களும் வரும். பொறுப்பேற்க ஆளில்லாத பள்ளி முயல் வளர்க்காதிருப்பதே அப்பிராணிக்குச் செய்யும் நன்மையாகும்.