வெயிலும் விறகும் சேரும் தொட்டி

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டிய எய்க் தீவில் ஏறக்குறைய நூறு பேர் வாழ்கிறார்கள். பிரிட்டனின் மின்கம்பிகள் அங்கே போகவில்லை. 1997இல் தீவையே விலைக்கு வாங்கிய ஊர்மக்கள், 2008 முதல் நீர், காற்று, வெயில் மூன்றிலிருந்தும் தாங்களே மின்சாரம் எடுக்கிறார்கள். ஒரு வீடு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது. 3 கிலோவாட் கெட்டில் கொதிக்கையில் வாஷிங் மெஷின் ஓடலாம், அதோடு சரி. வீட்டையே சாதாரண மின் ஹீட்டர்களால் சூடேற்றுவது கடினம்.

இப்படிப்பட்ட இடங்களில் விறகையும் வெயிலையும் ஜோடி சேர்ப்பது நல்ல யோசனை. டிசம்பர் நண்பகலில் அங்கே சூரியன் சுமார் 10 பாகைதான் உயர்கிறது. அப்போது விறகுதான் கதி. கோடையிலோ குளிக்கும் வெந்நீருக்காகக் கணப்பை மூட்டி வீட்டைப் புழுங்கவைக்கத் தேவையில்லை. கூரையில் பதித்த சோலார் வெந்நீர்த் தகடுகளே பெரும்பாலும் போதும்.

இரண்டும் சந்திக்கும் இடம் ஒரு பெரிய வெந்நீர்த் தொட்டி. சூடான நீர் மேலே நிற்கும், குளிர்ந்தது அடியில் தங்கும். அதனால் சோலார் சுருள்குழாயை அடியில் வைப்பார்கள்; மங்கிய வெயில் தரும் இளஞ்சூடுகூட அங்கே பயன்படும். கணப்பின் பாய்லரில் சூடாகும் நீர் மேல்பகுதியில் சேரும். 1,000 லிட்டர் நீரை 40 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்கு ஏற்றினால் சுமார் 46 யூனிட் வெப்பம் சேமிப்பாகிறது. கணப்பில் வீணாவதையும் கணக்கில் சேர்த்தால், அதற்கு ஏறத்தாழ 15 கிலோ காய்ந்த விறகு வேண்டும். காய்ந்த விறகு என்பது முக்கியம்: பச்சை மரத்தின் எடையில் பாதி வரை தண்ணீர்தான்.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. மின்சாரம் நின்றால் நீரைச் சுற்றவிடும் பம்ப் நிற்கும், நெருப்பு நிற்காது. அடைபட்ட பாய்லரில் நீர் கொதித்து நீராவியாகி வெடிக்கலாம். எனவே கணப்புக்கு மேலே தொட்டியை வைத்து, அகலமான குழாயை ஏற்றமாகவே கொண்டுபோகிறார்கள். சூடான நீர் தானாக மேலேறும், ஆறியது இறங்கும், பம்ப் வேண்டாம். நம் மொட்டைமாடி சோலார் ஹீட்டர்கள் பலவும் இப்படித்தான் ஓடுகின்றன. தொட்டி நிரம்பச் சூடானால் மிச்சத்தை வாங்கிக்கொள்ள, வால்வே இல்லாத ஒரு ரேடியேட்டரையும் இணைப்பார்கள். ஆவி வெளியேறத் திறந்த குழாய் ஒன்றும் உண்டு. இவற்றைச் செலவென்று தள்ளுகிறவரிடம் வேலையை ஒப்படைக்கக் கூடாது.

இன்னொரு தொல்லை, கணப்புக்குத் திரும்பும் நீர் மிகக் குளிர்ந்திருந்தால் பாய்லர் சுவரில் தார் படியும். திரும்பும் நீரை 55 டிகிரிக்கு மேல் வைத்திருக்க ஒரு கலப்பு வால்வு போதும்.

கைப்பணம் அளவானால் முதலில் நல்ல வெப்பக்காப்புப் போர்த்திய பெரிய தொட்டியையும் பாதுகாப்பான கணப்பு இணைப்பையும் முடித்துவிட வேண்டும். சோலார் சுருளுள்ள தொட்டியாகப் பார்த்து வாங்கினால், கூரைத் தகடுகளை அடுத்த ஆண்டுகூடச் சேர்த்துக்கொள்ளலாம்.